மூன்றாவது தட்டு

2005-ஆம் ஆண்டு கோடையில், மரக்காணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. அரசுப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றிருந்தேன். இதை எழுதப் பலமுறை உட்கார்ந்து, பாதியில் எழுந்திருக்கிறேன். என்னை நல்லவனாகக் காட்டும் வரி ஒன்று எப்படியாவது வந்து விழுந்துவிடும். அதைப் பார்த்ததும் தாளைக் கிழித்துவிடுவேன். இந்த முறை முடிந்தவரை உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் படிக்கும்போதே விட்டுவிட்டேன். என் மனைவிக்கு அம்மனைக் கும்பிடாமல் பொழுது விடியாது. எங்கள் ஒரே மகள், பாண்டிச்சேரியில் தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவர் ஒருவரை விரும்பினாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் முறைத்துக்கொண்டு நின்றபோது முதலில் சரி என்று சொன்னவன் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மருமகன் பெயருக்குத்தான் கிறிஸ்தவராக இருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், சோற்றில் கை வைக்கும் முன் கண்ணை மூடுகிறவர். என்னோடு ஒருநாளும் வாதம் செய்ததில்லை. அந்த அமைதிதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பேத்தி பிறந்ததும் மகளும் மருமகனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தை அப்பாவோடு மாதா கோயிலுக்கும் போகும், ஆயாவோடு, அதாவது என் மனைவியோடு, அம்மன் கோயிலுக்கும் போகும். இது நிஜம், அது பொய் என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. என்னிடம் மகள் தனியாக வந்து சொன்னாள்.

"உண்டுன்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்கப்பா. அவ ஏதாச்சும் கேட்டா எங்ககிட்ட அனுப்பிடுங்க."

சரி என்றேன். ஆறு வருடம் அப்படியே நடந்தும் கொண்டேன்.

அந்த ஏப்ரலில் மகளுக்கு இரண்டாவது குழந்தை ஆறாம் மாதம். ரத்தக் கொதிப்பு இருந்ததால் டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறையும் விட்டுவிட்டதால் பேத்தியை எங்களிடம் அனுப்பினார்கள். காலையில் ஆயாவோடு அம்மன் படத்துக்கு முன்னால் நின்று "தம்பிப் பாப்பா நல்லா இருக்கணும்" என்று கும்பிடுவாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மருமகன் போன் செய்வார். அப்பாவும் மகளும் போனிலேயே அதே தம்பிப் பாப்பாவுக்காக ஜெபம் சொல்வார்கள். தம்பி என்று அவளாகவே தீர்மானித்திருந்தாள்.

முந்தைய டிசம்பரில் வந்த சுனாமியில் உப்புப் பாத்திகளில் சேறும் மணலும் ஏறிக் கிடந்தன. வாரிக் கொட்டி, பாத்தித் தரையைக் காலால் மிதித்து மறுபடி கெட்டிப்படுத்தி, தண்ணீர் கட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த வருடம் முதல் உப்பு ரொம்பத் தாமதம். என் பழைய மாணவன் ஒருவன் பாத்தி குத்தகைக்கு எடுத்திருந்தான். "முதல் உப்பு வார்றோம், வாங்க சார்" என்று கூப்பிட்டதால் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்தில் முதல் உப்பை வாரிக் குவித்ததும் அந்தக் குவியலுக்குப் படைப்பார்கள். அங்கே வேலை செய்த பெண்களில் இரண்டு மதத்தாரும் உண்டு. ஒரே குவியலில் ஒருத்தி மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்தினாள். இன்னொருத்தி மறுபக்கம் விரலால் சிலுவைக் குறி கீறினாள்.

"ஏய், உன் சூடத்த அந்தாண்ட தள்ளி வையி. என் சிலுவ கருவுது பாரு."

"ஏன், உங்க சாமிக்கு நெருப்புன்னா பயமா?"

"பயமெல்லாம் இல்ல. உன் சாமி சூடு தாங்கும், என் உப்பு தாங்காது!"

எல்லாரும் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்து கேட்டாள்.

"தாத்தா, உப்ப யாரு குடுக்குறது? அம்மனா, ஏசப்பாவா?"

அப்பாகிட்ட கேளும்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், பழைய மாணவன் வேறு நின்றிருந்தான். வாத்தியார் புத்தி முந்திக்கொண்டது.

"ரெண்டு பேரும் இல்ல. வெயிலு."

சூடம் கொளுத்தியவள் விடவில்லை. "அந்த வெயில யாரு சார் குடுக்குறது?" என்றாள். மறுபடி சிரிப்பு. பேத்தியும் இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மாணவனிடம் கேட்டு, உப்பாக இறங்கத் தயாராக இருந்த முற்றின தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டேன். "வீட்டுக்கு வா, நான் காட்டுறேன்" என்று பேத்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

மொட்டை மாடியில் மூன்று பீங்கான் தட்டுகளை வரிசையாக வைத்தேன். மூன்றிலும் அளந்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். முதல் தட்டுக்கு ஆயா கும்பிடுவது போலக் கும்பிட்டு விபூதி போடச் சொன்னேன். இரண்டாவதற்கு அப்பா சொல்வது போல ஜெபம் சொல்லிச் சிலுவை போடச் சொன்னேன். மூன்றாவதை ஒன்றும் செய்யக் கூடாது, தொடக்கூடக் கூடாது என்றேன்.

"பாவம் தாத்தா அது."

"பாவமெல்லாம் இல்லடி. ஒண்ண சும்மா விட்டாத்தான் மத்தது வேல செய்யுதான்னு தெரியும்."

மூன்று நாள் தினமும் நாலைந்து தடவை மாடிக்கு ஓடினாள். கும்பிட்டாள், ஜெபம் சொன்னாள், இரண்டு தட்டுகளிலும் விரலை விட்டுப் பார்த்தாள். மூன்றாவது தட்டின் பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மூன்றாம் நாள் மத்தியானம் மூன்றிலும் உப்பு பூத்திருந்தது. கை படாமல் அசையாமல் இருந்ததால் மூன்றாவது தட்டில் மட்டும் படிகங்கள் பெரிது பெரிதாக, சதுரம் சதுரமாக வந்திருந்தன. அசையாத நீரில் படிகம் பெரிதாக வளரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவளிடம் நான் சொன்னது வேறு.

"பாத்தியா? சாமி கும்பிட்டதவிட சும்மா விட்டதுதான் பெருசா வந்துருக்குது!"

அவள் குனிந்து ரொம்ப நேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். அன்று சாயங்காலம் மருமகன் போன் செய்தபோது நானே எடுத்தேன். "மேட்ச் டிரா ஆயிடுச்சி மாப்ள. எங்க வூட்டு சாமியும் ஜெயிக்கல, உங்க சாமியும் ஜெயிக்கல. கப்பு சூரியனுக்கு" என்றேன். அவர் மரியாதைக்குச் சிரித்து, "சரிங்க மாமா, பாப்பாகிட்ட குடுங்க" என்றார்.

என் மனைவிதான் கொதித்தாள். "புள்ளகிட்ட வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? மூணு நாளு மாடியில வித்த காட்டினீங்களே, இன்னா கெடச்சிது உங்களுக்கு?" நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மகளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் குழந்தையின் வளர்ச்சி போதவில்லை என்றார் டாக்டர். மனைவி போனை வைத்துவிட்டு, "பாப்பா ரொம்பச் சின்னதா இருக்குதாம்" என்று என்னிடம் சொன்னபோது பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து காலையில் ஆயா கூப்பிட்டால் அவள் பாத்ரூமில் இருப்பாள். சாயங்காலம் போன் வந்தால் வயிற்றுவலி என்பாள், தூக்கம் வருகிறது என்பாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்தோம். வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை.

மே மாதம், ஏழாவது மாதத்திலேயே குழந்தை பிறந்தது. பையன்தான். இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். பிறகு இல்லை.

பேத்தியிடம் மருமகனே சொன்னார். அவள் அழவில்லை. "ரொம்பச் சின்னதாவே இருந்தானா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். அதன்பிறகு அவள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் நாங்கள் எல்லாரும் ஒரு மாற்றத்தைக் கவனித்தோம். அவள் சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டாள். மாதா கோயிலில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் பூஜை நேரத்தில் வாசலில் போய் நின்றுகொள்வாள். "உங்கள மாதிரியே ஆயிடுச்சி, போங்க" என்று மனைவி வருத்தப்பட்டாள். எனக்கோ உள்ளுக்குள் மகிழ்ச்சி. ஆறு வயதில் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொடுத்தேன். டீக்கடையில் நண்பர்களிடம், "இவதான் என் வாரிசு" என்றேன். பேரனைப் பறிகொடுத்த வீட்டில் இருந்துகொண்டுதான் இப்படிப் பேசினேன்.

2006 மார்ச்சில் எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. சின்ன ஆபரேஷன்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், என்னை அழைத்துப் போக மகளும் மருமகனும் பேத்தியோடு காலையிலேயே வந்துவிட்டார்கள். மாடியில் துணி எடுக்கப் போனவன் திரும்பிப் பார்த்தால் பேத்தி நிற்கிறாள். நெற்றி முழுக்க விபூதி. கழுத்தில் அவள் அப்பாவின் ஜெபமாலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாடி இது, கட்சி மாறிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. ரொம்பப் பொறுப்பாகச் சொன்னாள்.

"பயப்படாத தாத்தா. உனக்கு எல்லாத்தையும் கும்பிட்டுட்டேன். உன்ன சும்மா விடல."

"சும்மா விடலன்னா?"

"தம்பிய சும்மா விட்டேன். அந்தத் தட்டு மாதிரி பெருசா வருவான்னு நெனச்சேன். வரல."

கையில் இருந்த துணியை அப்படியே கொடியில் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டேன். பாத்ரூமில் போய் நின்றது, வயிற்றுவலி என்று சொன்னது எல்லாம் அதற்காகத்தான். தெரியாமல்கூடக் கும்பிட்டுவிடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூங்கினாளாம். தம்பி செத்த பிறகு, இனிமேல் எதைக் கும்பிட்டால் என்ன ஆகும், எதை விட்டால் என்ன ஆகும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். பத்து மாதம் அந்தக் குழந்தை தன் தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. அதனால பாப்பாவுக்குப் போற ரத்தம் பத்தல. நீ கும்பிடாததால இல்ல" என்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு கேட்டாள். "அப்ப, அப்பாவும் ஆயாவும் தினமும் கும்பிட்டாங்களே. அது?"

எனக்கு விடை தெரியும். கும்பிட்டதாலும் ஒன்றும் ஆகவில்லை, கும்பிடாததாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என் விடை. அதைச் சொன்னால் அவள் மேல் இருக்கும் பாரம் இறங்கும். ஆனால் அவள் அப்பாவின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித்தான் அதை இறக்க முடியும். சொல்லாவிட்டால் பாரம் அவள் தலையிலேயே இருக்கும். "இரும்மா, வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அதைத் தப்பி ஓடியது என்றும் சொல்லலாம்.

மருமகன் வாசலில் என் ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிகம் ஏன் பெரிதாக வந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் கந்தல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பத்து மாசமாவா மாமா?" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "வாங்க, மேல போவலாம்" என்று மட்டும் சொல்லிப் படியேறினார்.

மாடியில் வெயில் ஏறிவிட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் பேத்திக்கு எதிரே உட்கார்ந்தார். சாமியின் விருப்பம், பரலோகம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தம்பி போனப்புறம் அப்பாவுக்கு ரொம்பக் கோவம்மா" என்றார். "மூணு மாசம் நான் ஜெபமே பண்ணல. கோயிலுக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்திருப்பேன். சும்மா கண்ண மூடிக்கினு இருப்பேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

"எனக்காகவும் பண்ணலியா?"

"உனக்காகவும் பண்ணல. ஒருநாள்கூடப் பண்ணல."

அவள் அவரையே பார்த்தாள்.

"அந்த மூணு மாசம் நீ நல்லாத்தான இருந்த? சாப்ட்ட, ஸ்கூலுக்குப் போன, முன்பல்லு வுழுந்து புதுசு மொளச்சிது. அப்பா சும்மா விட்டதால உனக்கு எதுவும் ஆவல. நீ சும்மா விட்டதால தம்பிக்கும் எதுவும் ஆவல. சாமி அப்படிக் கணக்குப் பாக்குறவரா இருந்தா, அவரு எனக்கு வாணாம்."

பேத்தி தன் புதுப்பல்லை நாக்கால் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் மடியில் விழுந்து அழுதாள். தம்பிக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. "அவன் எப்படி இருந்தான்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அவர் தம்பியின் தலைமுடியைப் பற்றிச் சொன்னார், விரல்களைப் பற்றிச் சொன்னார்.

என் முறையும் வந்தது. "தாத்தா சொன்னது பொய்டி" என்றேன். "நீ தொடாம வச்சிருந்த. அதனாலதான் அந்த உப்பு பெருசா வந்துச்சி. எனக்கு அப்பவே தெரியும். வேணும்னே சொல்லல."

"ஏன் சொல்லல?"

"ஜெயிக்கணும்னு இருந்துச்சி."

"யார?"

பக்கத்தில் இருந்த மருமகனைப் பார்த்தேன். "உங்க அப்பாவ" என்றேன். அவர் குனிந்து பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் நிமிரவில்லை என்று நினைக்கிறேன்.

கீழே போய் அவரே என் மகளிடம் சொன்னார். மகள் அன்று என்னோடு பேசவில்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவ கேட்டப்ப எங்ககிட்ட அனுப்பியிருந்தா, நாங்களும் பதில் தெரியாம முழிச்சித்தான் இருப்போம்ப்பா. ஆனா கூட இருந்திருப்போம்." சொல்லிவிட்டு என் வாயைத் துடைத்தாள்.

பேத்தி இப்போது வளர்ந்து வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா, எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று நான் கேட்டதில்லை. அவளாகவும் சொன்னதில்லை. என் கருத்து மாறவில்லை; எனக்கு இன்றும் நம்பிக்கை கிடையாது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. மருமகனிடம் பின்னொரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மாமா" என்று சொல்லிவிட்டார். பேத்தியும் எப்போதோ மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பேசியதற்கும், மறைத்ததற்கும், போனில் அடித்த அந்தக் கிண்டலுக்கும்கூட எனக்கு ஓரளவு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு குழந்தை பயத்தில் வாயடைத்துப் போயிருந்த அந்தப் பத்து மாதமும் அதை அறிவு என்று நினைத்து நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மட்டும் இந்த வயதிலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.